வாள் செய்ய ஆசை சரி, அலகு எங்கே வாங்குவது? ஒரு ஆடிட்டர் போட்ட கணக்கு

எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹோம் லோன் என்று போகும் நம்ம பக்கத்தில் இன்றைக்கு வாள் எதற்கு என்று கேட்பீர்கள். ஹாபிக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பது நம்ம சேனலில் அடிக்கடி வரும் கேள்வி. கேமரா, பைக் மாடிஃபிகேஷன், மீன் தொட்டி என்று ஆளுக்கு ஒன்று. அதையெல்லாம் விட சிக்கலான ஒரு ஹாபியை எடுத்துக் கணக்குப் போட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கே போதும். அதுதான் இந்த வாள்.

கேட்டது என் சித்தி பையன். எரியோட்டில் இருக்கிறான், வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி லேப் வேலை. கைக்கு வரும் சம்பளம் 28,000 ரூபாய். சின்ன வயதிலிருந்து சிலம்பம். அதில் வாள்வீச்சு கற்ற பிறகு, வளைந்த குதிரைப்படை வாள் ஒன்றை, அதாவது சேபர் வகை வாளை, வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று ஆசை. "கைப்பிடி, உறை எல்லாம் நானே செஞ்சிருவேன் அண்ணே. நல்ல ரெப்ளிகா அலகு மட்டும் வெளிநாட்டு சைட்ல வாங்கணும். இல்லாட்டி முழு வாளையே இஎம்ஐ-ல போட்டுட்டு, பிரிச்சுப் பார்த்துக் கத்துக்குறேன்" என்றான்.

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த அலகு நல்லது? அதை வைத்திருக்கலாமா? மொத்தமாக எவ்வளவு ஆகும்? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியில் மூன்று மாதம் செலவழித்து, மூன்றாவதை கார்டு ஸ்டேட்மென்ட் வந்த பிறகு பார்ப்பார்கள். இரண்டாவதைக் கேட்பதே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'ஃபங்ஷனல்' என்றால் என்ன?

சேபர் பிளேடு என்று தேடினால் மூன்று வகைப் பொருள்கள் கலந்து வரும்.

ஒன்று, ஃபென்சிங் விளையாட்டு சேபர். நம்ம சென்னை பவானி தேவி, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்ட பிரிவு இது. ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை அவர்தான். இந்த சேபரின் அலகு அதிகபட்சம் 88 செ.மீ., மொத்த எடை 500 கிராமுக்குள். மெல்லிசு, நன்றாக வளையும், கூர் கிடையாது. விளையாட்டுக்கு அருமையான பொருள். ஆனால் இதில் கைப்பிடி மாட்டினால் பழைய வாள் போல இருக்காது.

இரண்டு, சுவரில் மாட்டும் அலங்கார வாள். பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பளபளப்பாக இருக்கும், துருப் பிடிக்காது, விலை குறைவு. ஆனால் வாள் நீளத்துக்கு அது நொறுங்கும் குணம் கொண்டது. வேகமாக வீசி எதிலாவது பட்டால் முறிந்து பறக்கும். முறியும் இடமும் பெரும்பாலும் கைப்பிடிக்குள்ளேதான். அலகிலிருந்து கைப்பிடிக்குள் போகும் காம்புப் பகுதியை இதில் மெல்லிய கம்பியாக வெல்டிங் வைத்திருப்பார்கள்.

மூன்றாவதுதான் ஃபங்ஷனல் ரெப்ளிகா. பழைய வாளின் அளவு, எடை, எஃகின் குணம் எல்லாம் அதற்கு நெருக்கமாக இருக்கும். உதாரணமாக, பிரிட்டிஷ் குதிரைப்படையின் 1796 மாடல் சேபரின் அலகு சுமார் 83 செ.மீ.; மொத்த எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதே மாடல் என்று விற்கும் ரெப்ளிகா ஒன்றரை கிலோ இருந்தால், அது ஒரே தடிமனில் வெட்டிய இரும்புப் பட்டை என்று அர்த்தம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

- என்ன எஃகு? கார்பன் ஸ்பிரிங் ஸ்டீலாக இருக்க வேண்டும். இஎன் 45, 5160, 1065 போன்ற பெயர்கள் வரும். 'ஹை குவாலிட்டி ஸ்டீல்' என்பது பதில் இல்லை.
- தோய்ச்சல் எப்படி? சூடாக்கி, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தியிருக்க வேண்டும். வாளுக்கு ராக்வெல் சி அளவில் 48-லிருந்து 54 வரை பொதுவாக ஏற்றது. அதற்கு மேலே போனால் நொறுங்கும், கீழே போனால் வளைந்து அப்படியே நிற்கும்.
- காம்பு அலகோடு ஒரே துண்டா? வெல்டிங் என்றால் வேண்டாம்.
- கைப்பிடி பக்கம் எத்தனை மி.மீ. தடிமன், நுனியில் எத்தனை? நல்ல சேபர் நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும்.
- எடையும், அலகு சமநிலையில் நிற்கும் புள்ளியும் என்ன?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள். இது மியூச்சுவல் ஃபண்ட் ஃபேக்ட்ஷீட் பார்ப்பது மாதிரிதான். பெயரைப் பார்த்து அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வைத்திருக்கலாமா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. ஆனால் பணம் போகும் வழியில் சட்டம் நின்றால் அதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டியது என் வேலை.

1959-ம் வருட ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த கூரான ஆயுதங்களும் அதில் வரும். அரிவாள், மண்வெட்டி மாதிரி வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருள்களுக்கு விலக்கு உண்டு. பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, ஆயுதமாக மாற்றவே முடியாத பொருளுக்கும் விலக்கு உண்டு. வாள் இந்த இரண்டிலும் சுலபமாக நுழையாது. 2016-ம் வருட ஆயுத விதிகளில் துப்பாக்கி அல்லாத ஆயுதங்களின் பட்டியலில் வாள் பெயர் சொல்லியே இருக்கிறது.

இப்போது 'ஃபங்ஷனல்' என்ற வார்த்தையைத் திரும்பப் பாருங்கள். அந்த வார்த்தைதான் விலையை ஏற்றுகிறது. அதே வார்த்தைதான் "இது வெறும் அலங்காரம் சார்" என்ற பதிலையும் பலவீனமாக்குகிறது. கூர் போடாத அலகு என்றாலும், நல்ல ஸ்பிரிங் ஸ்டீலைச் சாணை பிடிக்க ஒரு மணி நேரம் போதும். அதனால் 'மாற்றவே முடியாத பொருள்' என்று வாதாடுவது கஷ்டம்.

சட்டத்தில் நமக்கு முக்கியமான பிரிவுகள் மூன்று:

- 4-வது பிரிவு: மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்ட பகுதிகளில் வாள் போன்றவற்றை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அதனால் இது ஊரைப் பொறுத்து மாறும்.
- 5-வது பிரிவு: விதிகள் குறிப்பிடும் வகை ஆயுதங்களைத் தயாரிக்க, மாற்றியமைக்க, பழுது பார்க்க, விற்க உரிமம் கேட்கிறது. 'நான் விற்கலையே, வீட்டுக்குத்தானே செய்றேன்' என்பது தானாக விலக்கு ஆகாது.
- 10-வது பிரிவு: வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர உரிமம் வேண்டும். கப்பலில் வந்தாலும் கூரியரில் வந்தாலும் ஒன்றுதான்.

உரிமம் தொடர்பான விஷயங்களைப் பார்ப்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர் என்றால் அங்கே ஒரு மனு எழுதிக் கொடுங்கள்: என்ன பொருள், என்ன நீளம், கூர் உண்டா இல்லையா, எதற்காக. எழுத்தில் வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்புகைச் சீட்டோடு தபால் அனுப்ப ஆகும் செலவு நூறு ரூபாய்க்குள். இந்த ப்ராஜெக்டில் இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் கிடையாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? பிறந்தநாளுக்கு வாளாலும் பட்டாக்கத்தியாலும் கேக் வெட்டி, வீடியோ போட்டு, மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த பையன்களின் செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு எஃப்ஐஆர் என்றால் அபராதத்தோடு முடிவதில்லை. பாஸ்போர்ட் போலீஸ் வெரிஃபிகேஷன், புதுக் கம்பெனியின் பேக்ரவுண்ட் செக், அரசு வேலைக்கான நன்னடத்தை விசாரணை, எல்லா இடத்திலும் அது கூடவே வரும். 20,000 ரூபாய் பொருளுக்காக, இன்னும் முப்பது வருடம் வரப்போகும் சம்பளத்தை அடமானம் வைக்க முடியுமா?

பில் விஷயத்தில் ஒரு ஆடிட்டர் எச்சரிக்கை. விளம்பரத்தில் 'பேட்டில் ரெடி' என்று போட்டுவிட்டு, பில்லில் 'அலங்காரப் பொருள்' என்று எழுதித் தருபவர்கள் உண்டு. வாளுக்கான எச்எஸ்என் தலைப்பு 9307. உலோகச் சிலை, அலங்காரப் பொருளுக்கு 8306. பில்லில் இரண்டாவது இருந்தால் விற்பவர் எதையோ தவிர்க்கப் பார்க்கிறார். நாளைக்கு யாராவது கேட்டால் கையில் தப்பான பில்லோடு நிற்பது நீங்கள்தான்.

பழைய வாள் யாரிடமாவது இருக்கிறது, அதை வாங்கிப் பிடியை மாற்றலாம் என்று நினைத்தால் அதிலும் கவனம். நூறு வருடத்துக்கு மேல் பழையது என்றால் 1972-ம் வருட தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படிப்பட்ட பொருளை வியாபாரமாக விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அதோடு, அசல் பழைய வாளைக் கழற்றி அரம் போட்டால் அதன் மதிப்பு அன்றைக்கே போய்விடும்.

நம்ம ஊர்க்காரர்கள் எப்படிச் செய்தார்கள்?

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'மேக் ஆர் பை' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பாகத்தை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா என்ற கணக்கு. எக்ஸாமுக்காகப் படித்த அந்தக் கணக்கை நம்ம ஊர் ஆயுதப் பட்டறைகள் நானூறு வருடத்துக்கு முன்பே போட்டுவிட்டன.

மராத்தியர், தக்காணப் படைகளில் 'ஃபிரங்கி' என்று ஒரு வாள் உண்டு. பரங்கியர் என்கிறோமே, அதே வார்த்தைதான். அலகு ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி. கைப்பிடி இங்கே செய்தது. தஞ்சாவூரில் செய்த பல கட்டாரிகளிலும் ஐரோப்பிய வாள் அலகை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். கைக்கு மேலே விரியும் அந்த வேலைப்பாடான பிடி மட்டும் முழுக்க உள்ளூர்க் கை. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையை 1863-ல் கலைத்தபோது அங்கிருந்த ஆயுதங்கள் பல இடங்களுக்குப் போயின. அதில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. ப்ராஜெக்ட் தொடங்குமுன் ஒருமுறை அங்கே போய், பிடியும் அலகும் எப்படிச் சேர்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இத்தனைக்கும் எஃகில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. தென்னிந்திய 'வூட்ஸ்' எஃகு மேற்காசியா வரை போனது. இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடேயே 1819 வாக்கில் அதை ஆராய்ந்தார். நல்ல எஃகு தெரிந்த நாட்டிலேயே, அலகை வாங்கிப் பிடியை மட்டும் செய்தார்கள். தங்கள் கைக்கு எங்கே மதிப்பு கூடுதல் என்று தெரிந்து அங்கே உழைத்தார்கள். நமக்கு வேண்டிய பாடம் அதுதான்.

மூன்றாவது கேள்வி: கணக்கு

கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊரில் விசாரித்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது. சட்டப்படி அனுமதி உண்டு என்று தெரிந்த பிறகு போட வேண்டிய கணக்கு இது.

*வழி 1: எல்லாம் நானே செய்வேன்*

ஆங்கிள் கிரைண்டர் 3,500. பெல்ட் கிரைண்டர் 22,000. கேஸ் உலை, பர்னர் 8,000. கண்ணாடி, மாஸ்க், கையுறை, ஏப்ரன் 3,000. இவை ஒருமுறைச் செலவு: 36,500. ஒவ்வொரு அலகுக்கும் எஃகுப் பட்டை 1,500, பெல்ட், டிஸ்க், எண்ணெய் 4,000. ஆக 5,500. முதல் அலகின் விலை 42,000.

*வழி 2: அலகை வாங்கி, மற்றதை நானே செய்வேன்*

இந்தியாவில் செய்த அலகு 9,000. பித்தளைத் தகடு 1,200. பிடிக்கும் உறைக்கும் மரம் 600. தோல் 1,200. அரம், பசை, ரிவெட் 2,000. மொத்தம் 14,000.

*வழி 3: முழு வாளாகவே வாங்குவேன்*

இந்தியத் தயாரிப்பு 20,000. வெளிநாட்டு பிராண்ட் 42,000.

"அலகு ஒண்ணு 9,000-க்கு வாங்குறதுக்கு, 5,500-ல நானே செஞ்சா லாபம்தானே" என்று தோன்றும். ஒரு அலகுக்கு மிச்சம் 3,500. ஒருமுறைச் செலவு 36,500-ஐ 3,500-ஆல் வகுத்துப் பாருங்கள். 10.4 வரும். அதாவது 11 அலகு செய்தால்தான் போட்ட பணம் திரும்பும். எரியோட்டில் ஒருவருக்கு 11 வாள் தேவைப்பட்டால் அவர் பார்க்க வேண்டியது ஆடிட்டரை அல்ல, இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்க வருவார்!

அதுவும் பதினொன்றும் சரியாக வந்தால்தான். இரண்டில் ஒன்று வீணானால் ஒரு நல்ல அலகின் செலவு 11,000. வாங்கும் விலையைவிட அதிகம். அப்புறம் எத்தனை செய்தாலும் போட்ட காசு திரும்பாது.

வீணாகுமா? ஆகும். சுமார் 850 டிகிரிக்குச் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்தும்போது நீளமான மெல்லிய அலகு முறுக்கிக்கொள்ளும், சில சமயம் டிங் என்ற சத்தத்தோடு விரிசல் விடும். பிறகு 300-400 டிகிரியில் பதப்படுத்த வேண்டும். 85 செ.மீ. அலகு முழுக்க ஒரே சூட்டில் இருக்க அவ்வளவு நீள உலை வேண்டும். வீட்டு கேஸ் உலையில் அது நடக்காது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தால் மலிவு என்பார்கள். அரிவாளுக்கு அது நல்ல எஃகுதான். ஆனால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வாள் நீளத்துக்கு மெலிந்த பிறகு அது அங்கேதான் முறியும்.

அதனால் விதி இதுதான்: தப்பு செய்தால் செலவு அதிகமாகும் பாகத்தை வாங்குங்கள். தப்பு செய்தால் செலவு குறைவாக ஆகும் பாகத்தை நீங்கள் செய்யுங்கள். அலகு வீணானால் 5,500 போச்சு. மரப்பிடி வீணானால் 200 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கற்றுக்கொள்வது இரண்டிலும்தான், ஃபீஸ் மட்டும் வேறு.

செய்யும் பாகத்துக்கு திண்டுக்கல்லை விட நல்ல ஊர் கிடையாது. பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். இரும்பையும் பித்தளையையும் கையால் அரம் போட்டுப் பொருத்தும் வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் பதனிடும் தொழிலும் பழைய தொழில், உறைக்குத் தோல் தேடி எங்கேயும் போக வேண்டாம். பிடிக்கு பூவரசு மரம் உள்ளூர்த் தச்சுப் பட்டறையிலேயே கிடைக்கும். ஒரு பட்டறைப் பெரியவரிடம் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கூலி கொடுத்துக் கற்றுக்கொண்டால் அது செலவு அல்ல, முதலீடு. ஆனால் அவரிடமும் சட்ட விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நம்ம ஆசைக்காக அவர் தொழில் மாட்டக்கூடாது.

வெளிநாட்டு சைட்: 150 டாலர் உண்மையில் எவ்வளவு?

அலகு 150 டாலர், ஷிப்பிங் 60 டாலர் என்று வைப்போம். டாலர் 85 ரூபாய் என்று எடுத்தால் 210 டாலருக்கு 17,850. கிரெடிட் கார்டின் ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5% என்றால் 625. அந்த மார்க்அப் மீது 18% ஜிஎஸ்டி 112. சுங்க வரி, ஐஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு கணக்குக்கு 30% என்றால் 5,355. கூரியர் கம்பெனியின் கிளியரன்ஸ் கட்டணம் 1,000. மொத்தம் கிட்டத்தட்ட 24,940 ரூபாய். '150 டாலர், அதாவது 12,750 தானே' என்று ஆரம்பித்தது இரட்டிப்பாகிவிட்டது.

'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொன்னால் டூட்டி இல்லை என்பது பழைய கதை. அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். மேலே சொன்ன 10-வது பிரிவும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் சுங்கத்தில் நின்றால் பொருள் பறிமுதல், 24,940-ம் போச்சு, விசாரணை தனி.

இன்னொரு வேடிக்கை. உலகச் சந்தையில் விற்கும் ரெப்ளிகா வாள்களில் ஒரு நல்ல பங்கு இந்தியாவில் செய்தது. டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ், கூர்க்கா படைகளுக்குக் குக்ரி செய்து வளர்ந்த நிறுவனம். இன்றைக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்களுக்கு வாள் ஏற்றுமதி செய்கிறது. அமெரிக்க சைட்டில் டாலர் கொடுத்து நீங்கள் வாங்கும் வாள் உத்தராகண்டிலிருந்து போய், வரி கட்டி, திரும்ப வரலாம். அதனால் முதலில் 'மேட் இன்' என்ன என்று பாருங்கள். உரிமத்தோடு செய்யும் உள்நாட்டுத் தயாரிப்பாளரிடம் நேரடியாக விசாரியுங்கள். அவர்களுக்கே சட்ட நடைமுறை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இஎம்ஐ வேண்டாம், ஆர்டி போடு

தம்பி முதலில் யோசித்தது 42,000 ரூபாய் வாளை 24 மாத கார்டு இஎம்ஐ-ல் வாங்க. 16% வட்டி என்றால் மாதம் சுமார் 2,056. மொத்தம் 49,350. வட்டி 7,350, அந்த வட்டி மீது ஜிஎஸ்டி 1,320. ஆக 42,000 பொருளுக்கு 50,670. 'நோ காஸ்ட்' என்றாலும் பிராசஸிங் ஃபீஸும், வட்டிப் பகுதி மீதான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் நம்ம தலையில்தான்.

நான் சொல்லும் அளவு: எமர்ஜென்சி ஃபண்டும் இன்ஷூரன்ஸும் எஸ்ஐபியும் ஓடிக்கொண்டிருந்தால், கைக்கு வரும் சம்பளத்தில் 5% ஹாபிக்கு. குற்ற உணர்ச்சியே வேண்டாம், செலவு செய்யுங்கள். 28,000-க்கு 5% என்றால் 1,400. மாதம் 1,400 ஆர்டி, 6.5% வட்டி என்று வைத்தால் ஒரு வருடத்தில் 16,800-ம் சுமார் 590 வட்டியும். கிட்டத்தட்ட 17,390. வழி 2-க்கு 14,000 போக மீதி கையில்.

அந்த ஒரு வருடம் வீணும் இல்லை. ஆட்சியர் அலுவலகப் பதில் வர, பட்டறையில் கற்க, அருங்காட்சியகம் போக அதுதான் நேரம். தம்பி இப்போது அலகே வாங்கவில்லை. அட்டையில் சேபர் வடிவம் வெட்டி, அதை வைத்து மரத்தில் ஒரு டம்மி அலகு செய்து, அதற்குப் பிடியும் உறையும் பொருத்திக்கொண்டிருக்கிறான். இதுவரை செலவு 1,900 ரூபாய். இரண்டு பிடி வீண், மூன்றாவது உள்ளங்கையில் அழகாக உட்காருகிறது. ஒருவேளை அனுமதி கிடைக்காவிட்டால்? மர வாளோடு சிலம்பம் ஆடலாம், சுவரிலும் மாட்டலாம். நஷ்டம் என்று எதுவும் இல்லை.

சின்னச் சின்ன ஆடிட்டர் குறிப்புகள்

*வாள் முதலீடா?* திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. திப்புவின் அப்பா ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல் ஃபௌஜ்தாராக இருந்தவர் என்பதால் நம்ம பக்கத்தில் அந்தச் செய்தியை எல்லோரும் ஷேர் செய்தார்கள். அந்த விலை வரலாற்றுக்கு, எஃகுக்கு அல்ல. ரெப்ளிகா என்பது பைக் மாதிரி, வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கும். சொந்த உபயோகப் பொருளாக இருந்து நஷ்டத்தில் விற்றால், அந்த நஷ்டத்தை வருமான வரியில் காட்டவும் முடியாது.

*பிடி, உறை செய்து விற்றால்?* நண்பர்களுக்கு ஒன்றிரண்டு என்று ஆரம்பித்துத் தொடர்ந்து விற்றால் அது வியாபார வருமானம். சம்பளத்தோடு சேர்த்து ரிட்டர்னில் காட்ட வேண்டும், ஐடிஆர் ஃபாரமும் மாறும். ஆபீஸ் அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயுதத்தின் பாகம் என்று வந்தால் ஆயுதச் சட்டக் கேள்வியும் திரும்ப வரும்.

*கண்ணுக்கு விலை இல்லை.* கிரைண்டர் பொறி கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரி பில் வாளின் விலையைத் தாண்டும். 3,000 ரூபாய் பாதுகாப்புப் பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம். பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்து, அதில் என்னென்ன விலக்கு என்று படித்து வையுங்கள்.

கேமரா, டிரோன், பைக், மரவேலை, எதுவாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சட்டம், பிறகு மொத்தச் செலவு, பிறகு எதைச் செய்வது, எதை வாங்குவது, கடைசியில்தான் பிராண்ட். இந்த 'மேக் ஆர் பை' கணக்கை உங்கள் ஹாபிக்குப் போட்டுப் பார்க்க எக்செல் ஷீட்டோடு ஒரு வீடியோ அடுத்த வாரம் வருகிறது. உங்கள் ஹாபியின் ஒருமுறைச் செலவையும், ஒவ்வொரு முறைச் செலவையும் அதற்குள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது தடவையில் காசு திரும்புகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.